கலைச்சொல்: பின்னலில் ‘ஐலெட்’, ‘யார்ன் ஓவர்’

வணக்கம் அக்கா,

கழுத்திலிருந்து கீழே இறங்கும் பருத்தி ஸ்வெட்டருக்கு நீங்கள் தமிழில் எழுதிய பின்னல் குறிப்பைப் படித்தேன். ஊசியில் நிற்கும் ஸ்டிச்சுக்குக் ‘கண்ணி’ என்பது மிகப் பொருத்தம். ஐலெட்டுக்கு, அதாவது பின்னலில் அழகுக்காக விடும் சிறு இடைவெளிக்கு, ‘கண்’ மட்டும் வேண்டாம். உடல் பகுதியில் “204 கண்ணி, 34 கண்” என்று ஒரே வரியில் வருகிறது. கைப்பேசியைப் பார்த்துப் பின்னுகிறவர் ஓர் எழுத்தைத் தவறவிட்டால் கணக்கு கெட்டுவிடும். ‘துளை’ என்றே வைக்கலாம். கண்ணி நழுவினால் விழுவது ஓட்டை. வேண்டுமென்றே விடுவது துளை. இந்த வேறுபாடு நம் பேச்சிலேயே இருக்கிறது.

சிக்கல் யார்ன் ஓவரில்தான், அதாவது நூலை ஊசிமேல் போட்டுப் புதிதாக ஒரு கண்ணி உண்டாக்குவதில். ‘நூல்சுற்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். வட்ட ஊசியில் ஒவ்வொரு வரிசையுமே ‘சுற்று’ ஆயிற்றே. “5ஆம் சுற்று: 4 நேர் (நிட்), 2 சேர் (இரண்டை ஒன்றாகப் பின்னுவது), சுற்று” என்றால் புதியவர் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். ‘நூலேற்று’ எனலாமா என்றால், தொடக்கத்தில் ஊசியில் ‘கண்ணி ஏற்றுவது’ அதோடு மோதுகிறது. ‘நூல்முன்’ என்பதும் உதவாது. பிரிட்டிஷ் கையேடுகள் இரண்டு நேர்க்கண்ணிகளுக்கு நடுவே வந்தால் யார்ன் ஃபார்வர்டு, இரண்டு எதிர்க்கண்ணிகளுக்கு (பர்ல்) நடுவே வந்தால் யார்ன் ரவுண்ட் நீடில், எதிரிலிருந்து நேருக்குப் போகும்போது யார்ன் ஓவர் நீடில் என்று பிரிக்கின்றன. அமெரிக்கக் குறிப்புகளில் எல்லாமே யார்ன் ஓவர். நூல் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பெயரில் வைத்தால் நமக்கும் மூன்று சொற்கள் வேண்டியிருக்கும். எந்த வழியில் போனாலும் ஊசிமேல் புதிதாக ஒரு வளைவு ஏறுகிறது, அவ்வளவுதான். ஆகவே என் பரிந்துரை ‘நூல்வளை’, சுருக்கமாக ‘வளை’. ஏவலாகவும் பெயராகவும் நிற்கும். பின்னல் படங்களில் அதன் குறியும் சிறு வட்டம்தானே.

(கோலாலம்பூர்)

—

தம்பி, வணக்கம்.

‘துளை’, ‘நூல்வளை’ இரண்டும் எனக்குச் சம்மதம். ஆனால் அருஞ்சொல் பட்டியலில் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகப் போட்டுவிடாதீர்கள். வளை என்பது செயல். துளை அதன் விளைவு. விளைவு எப்போதும் வரும் என்றும் இல்லை. அடுத்த சுற்றில் அந்த வளையைப் பின்கால் (ஊசிக்குப் பின்பக்கம் நிற்கும் பாதி) வழியாகப் பின்னினால் முறுக்கிக்கொண்டு துளை மூடிவிடும்.

இதைவிடப் பெரிய காரணம் ராக்லான் கோடு, அதாவது கழுத்திலிருந்து அக்குள்வரை சாய்வாக இறங்கும் கோடு. நம் குறிப்பில் 4 மி.மீ. ஊசி, 10 செ.மீ.க்கு 24 கண்ணி. கழுத்துக்கு 96: முன் 32, பின் 32, கைக்கு 12 வீதம் 24, நான்கு ராக்லான் கோடுகளுக்கு 2 வீதம் 8. ஒன்றுவிட்ட ஒரு சுற்றில் ஒவ்வொரு கோட்டுக்கும் இருபுறமும் ஒரு வளை, ஆக 8 கூடும். 28 முறை கூட்டினால் 320. இங்கே துளை உண்டு, குறைப்பு இல்லை. கைகளைப் பிரித்தபின், உடலில் “4 நேர், 2 சேர், வளை” என்று திரும்பத் திரும்ப வரும் 6 கண்ணி மடக்கில் சேர்ப்பதும் வளைப்பதும் சரிக்குச் சரி. 204 அப்படியே 204ஆக நிற்கும். ‘துளை’ என்றால் ‘2 சேர், வளை’ என்று விளக்கம் எழுதிவிட்டால், அதை நம்பி ராக்லானிலும் இரண்டை ஒன்றாகச் சேர்த்துக் குறைப்பார்கள். 96 கடைசிவரை 96தான்; தோள் விரியவே விரியாது. துளை வரிசையாகத் தெரிவதால் தப்பும் உடனே கண்ணில் படாது.

ஒரு வளையை மறந்தால் அடுத்த சுற்றில் 203 வரும். பிரிக்க வேண்டாம். அந்த இடத்தில் இரு கண்ணிகளுக்கு நடுவே ஓடும் நூலை இடது ஊசியில் முறுக்காமல் எடுத்துப் பின்னினால் போதும்; துளை சற்றுச் சிறிதாக இருக்கும். இந்த நூலுக்கு ‘இடைநூல்’ என்று பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

துளைகள் நிறைந்த வகைக்கு ‘வலைப்பின்னல்’ வேண்டாம், அது கணினிக்காரர்களிடம் போய்விட்டது. ‘துளைப்பின்னல்’ போதும். குறிப்பின் அடியில் ஒரு வரி அவசியம்: துவைத்தபின் துண்டின்மேல் பரப்பியே உலர்த்த வேண்டும். கம்பளிக்குள்ள மீள்தன்மை பருத்திக்கு இல்லை. நம் ஊர் வழக்கப்படி ஈரத்தோடு ஹேங்கரில் மாட்டினால் அதன் கனமே இழுத்து, வட்டத் துளைகள் நெடுங்கீறலாகிவிடும்.

இன்னொன்று பாக்கி. ‘2 சேர்’ வலப்பக்கம் சாயும். இரண்டையும் ஒவ்வொன்றாக, நேர்க்கண்ணி போல ஊசியை நுழைத்து, பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றிப் பின்கால் வழியே சேர்த்தால் இடப்பக்கம் சாயும். ‘வலச்சேர்’, ‘இடச்சேர்’ எனப் பிரிக்கலாமா? இலை வடிவத் துளைப்பின்னலுக்கு இரண்டும் வேண்டும்.

(பினாங்கு)