700 சிடி, 500 வெள்ளி: வீட்டு ஹைஃபைக்குப் பாட்டு நூலகம் அமைப்பது எப்படி?

ஈசூன்வாசி எழுதியது:

என் சிடி பிளேயருக்குக் கண் மங்கிவிட்டது. நான்காவது பாட்டு வந்தால் திக்கித் திணறி முதல் பாட்டுக்கே ஓடுகிறது. லேசர் பாகம் இனி கிடைக்காது என்று ரிப்பேர் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். ஆம்ப்பும் ஸ்பீக்கரும் 2004-இல் சிங்கப்பூர் அடெல்பி கடைத்தொகுதியில் வாங்கியவை, இன்னும் கல்லு மாதிரி இருக்கின்றன. அதை மாற்ற மனசில்லை.

வீட்டில் 700 சிடி சொச்சம். பாதி அப்பா சேர்த்த கச்சேரிகள், மீதி நான் தேக்காவில் வாங்கிய சினிமாப் பாட்டு. இந்த ஊர் ஈரத்தில் உள்ளே இருக்கும் தாள்கள் உறையோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழிகின்றன. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை பத்து சிடியில் ஆரம்பித்தேன். எல்லாம் ‘டிராக் 01’, ‘டிராக் 02’ என்று வந்து விழுந்தன. எது எந்தப் பாட்டு என்று பார்க்க மறுபடி சிடி அலமாரியைத்தான் திறந்தேன்!

கணினியை ஆம்ப் பக்கத்திலேயே வைக்க வேண்டுமா? கோப்புகளைச் சேமித்து வீட்டு நெட்வொர்க்கில் கொடுக்கும் நாஸ் பெட்டி அவசியமா? வீவக (அரசு அடுக்குமாடி) ஐந்தறை வீடு, ஹாலில் இன்னொரு பெட்டிக்கு வீட்டில் அனுமதி கிடைக்காது. பட்ஜெட் 500 வெள்ளி.

பிடோக் பாஸ்:

அங்கிள், நாஸ் வேண்டாம். ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினி ஒன்று, 1 டெராபைட் எஸ்எஸ்டி, டிஜிட்டலை ஒலியாக மாற்றும் யுஎஸ்பி டாக் (DAC) ஒன்று. சிம் லிம் ஸ்குவேரில் ஒரு சுற்று வந்தால் 500-க்குள் முடிந்துவிடும். ராஸ்பெரி பையில் இருக்கும் ஹெட்போன் ஓட்டையிலிருந்து நேராக ஆம்ப்புக்கு எடுக்காதீர்கள், சத்தம் சுமார்தான். டாக் வழியாகப் போங்கள். ஃபேன் இல்லை, சத்தம் இல்லை, ஆம்ப்புக்குப் பின்னால் ஒளித்துவிடலாம். ஆண்ட்டிக்குத் தெரியவே தெரியாது.

மென்பொருளுக்கு லிரியன் மியூசிக் சர்வர். ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற நெட்வொர்க் பாட்டுப் பெட்டிகளை லாஜிடெக் 2012-இல் கைவிட்டது, ஆனால் அதன் சர்வர் மென்பொருள் லிரியன் என்ற பெயரில் இலவசமாக இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. போனிலிருந்தே பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம்.

இடம் போதுமா என்றால், ஒரு சிடி, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் 300 முதல் 400 எம்பி வரை வரும். 700 சிடி சுமார் 250 ஜிபி.

ஒரு எச்சரிக்கை: ரூட்டரை வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டருக்குள் வைத்திருந்தால் வைஃபை வெளியே வராது. அந்தக் கான்கிரீட்டும் இரும்புக் கதவும் சும்மாவா! லேன் கேபிள் இழுத்துவிடுங்கள்.

பழைய பிழைதிருத்தி:

தம்பி சொன்ன பெட்டிகள் சரி. அது ஒரு சனிக்கிழமை வேலை. மிச்ச வேலைக்கு எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது, அதில் முதல் ஆறு மாத வேலையை அப்படியே தூக்கிப் போட்டேன். காரணம் பெயர்கள்.

நான் அச்சகத்தில் பிழைதிருத்தியவள், அதனால் கொஞ்சம் கிறுக்கு. ஆனாலும் கேளுங்கள். இணையத் தகவல்தளங்களிலிருந்து பெயரைத் தானாக இழுத்தபோது, இளையராஜா என் நூலகத்தில் ஐந்து ஆளாக உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவர் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றும் முன்பே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: யார் பெயரை எப்படி எழுதப்போகிறோம் என்று. நான் எல்லாவற்றையும் தமிழிலேயே போட்டேன்.

தமிழிலும் வம்பு உண்டு. ‘ஸ்ரீ’ என்பதை யூனிகோடில் ஸ வைத்தும் எழுதலாம், ஶ வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான், தேடுபொறிக்கு வேறு வேறு. ஒரு முத்துசாமி தீட்சிதர் கிருதியைத் தேடி ‘இல்லை’ என்று வந்தபோது மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ஒரே விசைப்பலகையில் எல்லாவற்றையும் தட்டுங்கள், வெட்டி ஒட்டாதீர்கள்.

அடுத்தது கோப்புப் பெயர். பல்லவி வரி, ராகம், தாளம், பாடியவர் எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதினேன். விண்டோஸில் ஒன்றும் சொல்லவில்லை. பைக்கு மாற்றும்போது ‘பெயர் நீளம்’ என்று நூற்றுக்கணக்கில் பிழை. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான். ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக. ‘ஸ்ரீ’ ஒன்றே 12 பைட் தின்றுவிடும்! ஆக மொத்தம் 85 குறி. கோப்புக்கு எண்ணும் பாட்டின் முதல் இரண்டு சொல்லும் போதும், மற்றதெல்லாம் கோப்புக்குள்ளேயே பதியும் டேக் (tag) என்ற குறிப்புகளில்.

சினிமாவுக்கு: ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயர், ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்டில் பாடியவர்கள். ஒரே சிடியில் இரண்டு படம் போட்டிருப்பார்கள், அதை இரண்டு ஆல்பமாகப் பிரித்துவிடுங்கள். பாடலாசிரியர் பெயர் அந்த ஒட்டிப்போன தாளில்தான் இருக்கும். கிழிந்தாலும் பரவாயில்லை, படம் எடுத்து வையுங்கள்.

கச்சேரிக்கு: கம்போசரில் தியாகராஜர், தீட்சிதர் என்று. ராகத்துக்குத் தனி இடம் எல்லாச் செயலியிலும் இல்லை. நான் ஜானர் (இசை வகை) என்ற இடத்தைப் பறித்து ராகத்துக்குக் கொடுத்தேன். ‘கர்நாடக இசை’ என்று 300 சிடிக்கும் ஒரே ஜானர் போட்டு யாருக்கு லாபம்? இப்போது தோடி என்று தொட்டால் பத்தொன்பது தோடி வரிசையாக நிற்கிறது. ஒரு ராத்திரி அத்தனையையும் கேட்டேன், மறுநாள் வேலைக்குத் தாமதம்.

சிடியைக் கணினியில் ஏற்ற எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் போதும். மற்றவர்கள் ஏற்றியதோடு ஒப்பிடும் வசதி உண்டு, ஆனால் என் தமிழ் சிடிகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லை. அப்போது ‘டெஸ்ட் அண்ட் காப்பி’யைத் தட்டுங்கள், இரண்டு தடவை படித்துத் தானே ஒப்பிட்டுக்கொள்ளும். எம்பி3 மட்டும் வேண்டாம். ராகம், தானம், பல்லவி என்று மூன்று டிராக்காக வெட்டிய சிடியில், எம்பி3-யில் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு பொட்டு மௌனம் விழலாம். தானம் உச்சத்தில் இருக்கும்போது அது விழுந்தால் கோபம் வரும்.

வேகப் பிரியன்:

இவ்வளவு தலைவலி எதற்கு? மாதச் சந்தா கட்டினால் எல்லாப் பாட்டும் போனில் இருக்கிறதே.

பழைய பிழைதிருத்தி:

இருக்கிறது, அடுத்த மாதம் இருக்குமா? நான் சேர்த்து வைத்திருந்த இரண்டு கச்சேரிகள் ஒரு நாள் சாம்பல் நிறமாகிக் காணாமல் போயின. ஈசூன்வாசியின் அப்பா வாங்கியவற்றில் பாதி அங்கே வந்திருக்கவும் வராது.

பிடோக் பாஸ்:

இன்னொன்று அங்கிள். ரோட்டோரம் வாங்கிய சிடி இருந்தால் ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற செயலியில் போட்டுப் பாருங்கள். படம் 16 கிலோஹெர்ட்ஸில் சுவர் வைத்த மாதிரி நறுக்கென்று நின்றால், எம்பி3-யைத் திருப்பிச் சிடியாகச் சுட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நல்ல சிடி 22 வரை போகும். பழைய ஒலிப்பதிவும் மேலே மெலியும், ஆனால் சரிவாக மெலியும். சுவருக்கு ஃபிளாக் போட்டும் பயனில்லை.

அப்புறம் இன்னொரு வெளி ஹார்ட்டிஸ்க்கில் நகல் எடுத்து மகன் வீட்டில் வையுங்கள்.

ஈசூன்வாசி:

எல்லாருக்கும் நன்றி. பை வாங்கியாயிற்று, ஆம்ப்புக்குப் பின்னால் வெல்க்ரோ போட்டு ஒட்டியாயிற்று. வீட்டில் இன்னும் யாரும் கவனிக்கவில்லை.

ராத்திரிக்கு ஐந்து சிடி என்று கணக்கு, 140 ராத்திரி ஆகும். பிழைதிருத்தி அக்கா சொன்னபடி நோட்டு போட்டு, ‘அ’வில் ஆரம்பித்து ‘க’ வரை பெயர் எழுதிவிட்டேன். தேக்காவில் வாங்கியதில் ஏழு சிடி சுவர் கேஸ். அவற்றுக்கு இத்தனை வருடமாக அலமாரியில் முதல் வரிசை கொடுத்து வைத்திருந்தேன்.

அக்கா, ஒரு சந்தேகம். ஒரே பாட்டில் பல ராகம் மாறும் ராகமாலிகை வந்தால் ஜானரில் எந்த ராகத்தைப் போட்டீர்கள்?

பழைய பிழைதிருத்தி:

எல்லாவற்றையும், நடுவில் அரைப்புள்ளி போட்டு. அமைப்பில் அந்த அரைப்புள்ளியைப் பிரிப்பான் என்று சொல்லிவிட்டால் லிரியன் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளும். கடைசியில் வரும் மத்யமாவதியை மறந்துவிடாதீர்கள்.