உதவி: 12 டன் கான்கிரீட் வந்தும் தளம் நிரம்பவில்லை, கணக்கில் எங்கே தப்பு?

சிரியம்வாசி:
வணக்கம். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் அன்னதானக் கூடத்துக்குத் தரை போட்டோம். 24 அடி நீளம், 18 அடி அகலம், 5 அங்குலக் கனம். மொத்தம் 180 கன அடி என்று கமிட்டியில் கணக்குப் போட்டு, கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று 2 ஜின் ரெடிமிக்ஸ் எடுப்பதாக முடிவு. ரங்கூனிலிருந்து பாலம் தாண்டி ஒரே லாரியில் வந்தது.

எனக்குச் சந்தேக புத்தி. வழியில் நெல் ஆலை எடைமேடையில் லாரியை ஏற்றினேன், 23,400 கிலோ. கொட்டிவிட்டுத் திரும்பும்போது மறுபடி ஏற்றினேன், 11,250 கிலோ. ஆக, கான்கிரீட் மட்டும் 12,150 கிலோ.

நெட்டில் பார்த்தால் அடர்த்தி கன மீட்டருக்கு 1440 கிலோ என்று இருந்தது. வகுத்தால் 8.44 கன மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 298 கன அடி. மூன்று ஜின்! ஆனால் தளத்தில் கடைசி 2 அடி நிரம்பவே இல்லை. 22 அடியில் பலகை அடைத்து நிறுத்திவிட்டோம். மீதி 100 கன அடிக்கு மேல் எங்கே போனது? லாரிக்காரரோடு வாய்ச்சண்டையே ஆகிவிட்டது. பாக்கிப் பணத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

பெகு மேஸ்திரி:
தம்பி, பணத்தை அப்புறம் பார்க்கலாம். 1440 என்பது சிமெண்டுத் தூளின் அடர்த்தி. மூட்டையில் இருக்கிற தூள். கான்கிரீட்டுக்கு 2400 போடுங்கள்.

12,150 ÷ 2400 = 5.06 கன மீட்டர். அதை 35.3 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 179 கன அடி. மூன்று ஜின் உங்கள் ஊருக்கு வரவே இல்லை.

சிரியம்வாசி:
அண்ணே, ஒன்று புரியவில்லை. சிமெண்டு 1440, மணலும் ஜல்லியும் 1500, 1600 என்றுதான் எல்லா அட்டவணையிலும் போட்டிருக்கிறது. மூன்றையும் கலந்தால் எப்படி 2400 ஆகும்? தண்ணீர் வேறு ஊற்றுகிறோம், அது 1000 தானே.

பெகு மேஸ்திரி:
நல்ல கேள்வி. என்னிடம் வேலை கற்க வந்த எந்தப் பையனும் இதைக் கேட்டதில்லை.

ஒரு படி கொண்டைக்கடலை எடுங்கள். அதன் மேல் கால் படி கடுகைக் கொட்டிக் குலுக்குங்கள். ஒன்றே கால் படி வராது, கடுகு இடுக்கில் இறங்கிவிடும். எடை மட்டும் இரண்டின் கூட்டல். ஜல்லி இடுக்கில் மணல், மணல் இடுக்கில் சிமெண்டு, மிச்ச இடுக்கில் தண்ணீர். குவியலாகக் கிடக்கும் ஜல்லி 1500 என்றால் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் காற்றுதான். கல்லை மட்டும் எடுத்தால் அது தண்ணீரைப்போல 2.6, 2.7 மடங்கு எடை. சிமெண்டுத் துகள் 3.15 மடங்கு. காற்றை வெளியேற்றிவிட்டுக் கல்லையும் துகளையும் நெருக்கி அடைப்பதால்தான் 2400 வருகிறது.

1:2:4 கலவையில் அளந்து போடுவது 7 பங்கு. கெட்டியாக நிற்பது நாலரைப் பங்குதான். இடம் குறையும், எடை குறையாது.

திருச்சி சைட்காரன்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஜின் என்றால் என்ன? எங்கள் பக்கம் கேள்விப்பட்டதில்லை.

சிரியம்வாசி:
100 கன அடி. இங்கே மணல், ஜல்லி எல்லாம் ஜின் கணக்கில்தான்.

திருச்சி சைட்காரன்:
அட, அப்படியென்றால் நம்ம ஊர் யூனிட். இங்கேயும் ஒரு யூனிட் 100 கன அடிதான். சரி, என் கருத்து: 2400 போடாதீர்கள், 2500 போடுங்கள். கட்டிட வடிவமைப்பில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு 2500தான் எடுப்போம். உங்கள் தளத்திலும் கம்பி வலை இருக்குமே?

பெகு மேஸ்திரி:
கம்பி தரையில் இருக்கிறது, லாரியில் இல்லையே! எடைமேடையில் ஏறியது வெறும் கலவை. 2500 என்பது கம்பியின் எடையையும் சேர்த்துத் தூணும் உத்திரமும் தாங்க வேண்டிய பாரத்துக்கான எண். இங்கே அதைப் போட்டால் கன அளவு குறைத்துக் காட்டும்.

திருச்சி சைட்காரன்:
சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2400ம் பொதுவான எண்தானே. ஜல்லியைப் பொறுத்து 2300 ஆகவும் இருக்கலாம். சோதனைக் கட்டி ஏதும் எடுத்தீர்களா? அதை நிறுத்துப் பார்த்தால் உங்கள் கலவையின் சொந்த அடர்த்தியே கிடைத்துவிடும்.

சிரியம்வாசி:
லாரியோடு வந்த பையன் இரும்பு அச்சில் மூன்று கட்டி ஊற்றி வைத்துவிட்டுப் போனான். மறுநாள் கழற்றினேன். கிலோ தராசு கிடைக்கவில்லை, மீன்கடைத் தராசில் நிறுத்தேன். (மீன்காரம்மா முறைத்த முறைப்பை எழுத இடம் போதாது.) 4 வீசை 85 டிக்கல். மூன்றும் ஏறக்குறைய அதே எடை. அச்சு 6 அங்குலம்.

திருச்சி சைட்காரன்:
வீசையா! தாத்தா காலத்துச் சொல். சரி, ஒரு வீசை 1.4 கிலோ. 4.85 வீசை என்றால் 6.79 கிலோ. 6 அங்குலக் கட்டி ஒரு கன அடியில் எட்டில் ஒன்று, 3.54 லிட்டர். ஆக அடர்த்தி 1918.

ரொம்பக் குறைவாக இருக்கிறதே. தண்ணீர் ஊற்றி நுரைக்க வைத்திருக்கிறார்கள் போல. இந்த அடர்த்தியில் 12,150 கிலோவுக்கு 6.33 கன மீட்டர், 224 கன அடி வர வேண்டும். கொட்டியது எங்கேயோ சிந்தியிருக்கிறது, இல்லையென்றால் கட்டி உங்கள் கலவையே இல்லை.

சிரியம்வாசி:
பார்த்தீர்களா? நான் சொன்னேனே, ஏதோ கோளாறு இருக்கிறது என்று. நாளைக்கே கமிட்டியைக் கூட்டுகிறேன்.

மோல்மேன் அக்கா:
கூட்டாதீர்கள் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். வன்பொருள் கடையில் முப்பது வருஷம் ஆணியும் கம்பியும் வீசையில் நிறுத்தவள் சொல்கிறேன்.

திருச்சித் தம்பி சொல்வது 40 பலம் கொண்ட சென்னை வீசை. அது 1.4 கிலோ. நாம் பர்மாவில் நிறுப்பது 100 டிக்கல் கொண்ட வீசை, 1.633 கிலோ. பெயர் நம்ம தமிழ்ப் பெயர்தான், இங்கே வந்து கனத்துப் போய்விட்டது! பர்மியர் பெய்த்தா என்பார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு என் கடையில் நடந்த சண்டைக்குக் கணக்கே இல்லை.

4.85ஐ 1.633 ஆல் பெருக்குங்கள். 7.92 கிலோ. அடர்த்தி 2237.

திருச்சி சைட்காரன்:
அக்கா, கும்பிடு. எனக்கு இது தெரியவே தெரியாது. நுரைக்க வைத்தார்கள் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

பெகு மேஸ்திரி:
2237ம் எனக்கு உறுத்துகிறது. நல்ல கருங்கல் ஜல்லி போட்டு ஒழுங்காகக் குத்திய கட்டி அவ்வளவு லேசாக இருக்காது. தம்பி, அந்த அச்சு நிஜமாகவே 6 அங்குலமா? இப்போது வருகிற இரும்பு அச்செல்லாம் 15 சென்டிமீட்டர். வாய் வழக்கத்தில் ஆறு அங்குலம் என்பார்கள். 6 அங்குலம் 15.24 சென்டிமீட்டர். பக்கத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர்தானே என்று விட்டால், மூன்று பக்கமும் பெருகும்போது 5 சதவீதம் வித்தியாசம் காட்டும். டேப் வைத்துப் பாருங்கள்.

கூடவே, போட்ட தளத்தின் கனத்தையும் அளந்து சொல்லுங்கள். வரைபடத்தில் உள்ள 5 அங்குலம் வேண்டாம், தரையில் உள்ளது வேண்டும். 22 அடிப் பலகையைக் கழற்றினால் ஓரம் தெரியுமே.

சிரியம்வாசி:
அளந்துவிட்டேன்.

கட்டி சரியாக 15 சென்டிமீட்டர். அண்ணன் சொன்னதுதான்.

கனத்தை ஓரத்தில் ஏழு இடத்தில் பார்த்தேன். ஒரு இடத்தில் 5, ஒரு இடத்தில் 6, பெரும்பாலும் ஐந்தரை. மணல் நிரவியபோது சரியாகக் குத்தவில்லை, கலவை விழுந்ததும் அமுங்கிவிட்டது போல. நடுவில் எப்படியோ அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

பெகு மேஸ்திரி:
வந்துவிட்டது விடை. 15 சென்டிமீட்டர் கட்டி 3.375 லிட்டர். 7.92 கிலோவை வகுத்தால் 2347. இதுதான் உங்கள் கலவையின் அடர்த்தி, ஆரோக்கியமான எண். 12,150 ÷ 2347 = 5.18 கன மீட்டர், 183 கன அடி.

இப்போது தரைப் பக்கம். 22 × 18 = 396 சதுர அடி. ஐந்தரை அங்குலக் கனத்துக்கு 181 அரை கன அடி. லாரியில் 183, தரையில் 181 அரை. டிரம்மில் ஒட்டியது, சரிவுத் தகட்டில் வழிந்தது எல்லாம் சேர்த்தால் இதைவிட நெருக்கமாக யாரும் காட்ட முடியாது. ஓரத்தில் எடுத்த கனம்தான் நடுவிலும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

இன்னொன்று. லாரி திரும்புமுன் டிரம்மைக் கழுவினார்களா? தொட்டித் தண்ணீரில் 150 லிட்டர் அங்கே செலவாகியிருந்தால் அந்த 150 கிலோவும் உங்கள் கணக்கில் கான்கிரீட்டாக ஏறியிருக்கும். கழித்தால் இரண்டு கன அடி குறைந்து ஏறக்குறைய 181க்கு வந்துவிடும்.

சிரியம்வாசி:
கழுவினார்கள் அண்ணே, வாய்க்கால் ஓரத்தில்.

சரி, காணாமல் போனது 100 கன அடி இல்லை. ஆனால் நாங்கள் சொன்னது 2 ஜின். 200க்கு 181 தானே வந்திருக்கிறது? அந்த 19 கன அடியாவது அவர்கள் குறைத்ததுதானே?

மோல்மேன் அக்கா:
ரசீதில் என்ன எழுதியிருக்கிறது?

சிரியம்வாசி:
ரசீது மைத்துனர் மகனிடம் இருக்கிறது. அவன்தான் போன் செய்து சொன்னவன். சாயங்காலம் கேட்டுச் சொல்கிறேன்.

சிரியம்வாசி:
கேட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ரசீதில் 5 கன மீட்டர் என்று இருக்கிறது. ஆலையில் ஜின் கணக்கு கிடையாது, கன மீட்டரில் சொல் என்றார்களாம். மைத்துனர் மகன் 180ஐ 35.3 ஆல் வகுத்து 5.1 என்று பார்த்துவிட்டு, "புள்ளி ஒன்றுதானே, 5 போதும்" என்று சொல்லியிருக்கிறான். கமிட்டி கூட்டிப் போட்ட 20 கன அடி அங்கேயே போய்விட்டது. 2 ஜின் என்றால் 5.66 சொல்லியிருக்க வேண்டும்.

5க்கு ரசீது போட்டுவிட்டு 5.1க்கு மேல் அனுப்பியிருக்கிறார்கள். நான் லாரிக்காரரைத் திட்டியது அம்மன் சன்னதியில் நின்றுகொண்டு.

மோல்மேன் அக்கா:
பாக்கிப் பணத்தை முதலில் அனுப்புங்கள். கூடவே ஒரு பொட்டலம் பொங்கலும்.

திருச்சி சைட்காரன்:
ஐந்தாண்டு சைட்டில் இருந்தும் இன்றைக்குத்தான் புள்ளி ஒன்று மூன்றரைக் கன அடி என்று உறைக்கிறது.

சிரியம்வாசி:
பணம் நாளைக் காலை போகிறது. மீதி 2 அடிக்கு என்ன செய்வது என்றும் சொல்லிவிடுங்கள் அண்ணே. இதற்காக இன்னொரு லாரி வராது, கையால்தான் கலக்க வேண்டும்.

பெகு மேஸ்திரி:
2 × 18 அடி, ஐந்தரை அங்குலம், 16 அரை கன அடி. உலர்ந்த பொருளாக 1.54 மடங்கு வேண்டும், 25 அரை கன அடி. 1:2:4க்கு அதை ஏழாகப் பிரித்தால் சிமெண்டு 3.6 கன அடி. 50 கிலோ மூட்டை ஒன்றே கால் கன அடிக்குக் கொஞ்சம் குறைவு, ஆக 3 மூட்டை. 4 வாங்கி வையுங்கள். மணல் ஏழே கால் கன அடி, ஜல்லி பதினாலரை. (இந்த இடத்தில் 1440 சரி தம்பி, இங்கே அளப்பது சிமெண்டுத் தூளை!)

தண்ணீர் மூட்டைக்கு 27 லிட்டர், அதற்கு மேல் வேண்டாம். மணல் நனைந்திருந்தால் இன்னும் குறையுங்கள்.

பழைய ஓரத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கம்பி பிரஷால் தேய்த்து, நனைத்து, சிமெண்டுப் பால் பூசிய சூட்டோடு புதுக் கலவையைப் போடுங்கள். வலைக்கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா?

சிரியம்வாசி:
ஒரு முழம் நீட்டி விட்டிருக்கிறோம்.

பெகு மேஸ்திரி:
அது போதும். இந்தத் தடவை மணலை நனைத்து நன்றாகக் குத்திவிட்டு, கயிறு கட்டி ஐந்து அங்குலம் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள்.

சிரியம்வாசி:
வானம் மூடிக்கொண்டு வருகிறது. தார்ப்பாய் தேடப் போகிறேன், திங்கள்கிழமை போட்டுவிட்டு எழுதுகிறேன்.