பெண் ஆயர் வருகிறார் என்றதும் கையெழுத்து வாங்குகிறார்கள், இது சரியா?

குடியாத்தம் பையன்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் ஊர் குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை, வேலூர் பேராயம், அதாவது பேராயர் (பிஷப்) ஒருவரின் கீழ் உள்ள சபைகளின் வட்டாரம். மே மாத இடமாற்றத்தில் எங்களுக்கு ஒரு பெண் ஆயர் (பாஸ்டர்) வரப்போகிறார் என்று பேச்சு. இன்னும் ஆர்டர்கூட வரவில்லை. அதற்குள் போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும், காணிக்கை எண்ணுகிற மேசையிலேயே ஒரு தாளை வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். "எங்கள் சபையின் சூழ்நிலையைக் கருதி ஆண் ஆயர் ஒருவரை அனுப்பித் தருமாறு பேராயர் அவர்களைத் தாழ்மையுடன் வேண்டுகிறோம்." என்ன சூழ்நிலை என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். உங்கள் ஊர்களில் எப்படி?

பழைய மூப்பர்:
தம்பி, எந்தச் சபை என்று புரிந்துவிட்டது. அந்தத் தாளை எழுதினதே நான்தான், அதனால் ஒளிவுமறைவு வேண்டாம். வேதத்தில் 1 தீமோத்தேயு 2:12 எடுத்துப் படி. உபதேசம்பண்ணவும் புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும் ஸ்திரீயானவளுக்கு உத்தரவு கொடுக்கிறதில்லை என்கிறார் பவுல். இதில் எங்கே குழப்பம்?

திமிரி டீச்சர்:
குழப்பம் மூன்று வசனம் முன்னாலேயே இருக்கிறது ஐயா. அதே அதிகாரம், 2:9. பின்னின மயிர், பொன், முத்து, விலையுயர்ந்த துணி எதுவும் பெண்களுக்கு ஆகாது என்கிறார் அதே பவுல். அறுப்பின் பண்டிகை அன்று ஆலயத்தில் முன் இரண்டு வரிசையைப் பாருங்கள். பின்னல், மல்லிகைச் சரம், ஆரம், ஆரணிப் பட்டு. அதற்காக யாராவது பேராயருக்கு மனு எழுதினீர்களா?

காட்பாடி கொயர்:
டீச்சர், ஆரத்தைத் தொட்டால் பெண்கள் ஐக்கியமே கையெழுத்து வேட்டைக்குக் கிளம்பிவிடும். பார்த்து.

ஆம்பூர் லுத்தரன்:
நான் சிஎஸ்ஐ இல்லை. மிசூரி மிஷனரிகள் 1895ல் கிருஷ்ணகிரிப் பக்கம் தொடங்கிய லுத்தரன் சபை எங்களுடையது. எங்களிடம் பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம், அதாவது ஆயராக்கும் சடங்கு, கிடையாது. டீச்சரம்மாவிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு வசனத்தை மீறிக்கொண்டிருக்கிறோம், ஆகவே இன்னொன்றையும் மீறலாம் என்பது வாதமா? நகை விஷயத்தில் நாம் தப்பு செய்கிறோம் என்றுதானே அதற்கு அர்த்தம்? பவுல் 2:13ல் காரணமும் சொல்கிறார். ஆதாம் முதலில் உருவாக்கப்பட்டான் என்கிறார். தீமோத்தேயு இருந்த எபேசு பட்டணத்துப் பெண்கள் அன்றைக்குச் சத்தம் போட்டார்கள், அதற்காகச் சொன்னார் என்று தள்ள முடியாதபடி படைப்பையே காட்டிப் பேசுகிறார். நான் பெண்களைத் தாழ்த்திப் பேசுகிறவன் இல்லை. எனக்கு வேதம் சொல்லிக் கொடுத்தது என் பாட்டி. ஆனால் மேய்ப்பன் என்ற பொறுப்பு வேறு.

திமிரி டீச்சர்:
நல்ல கேள்வி பிரதர். இரண்டு மூப்பர்களோடு பேசினால்கூட இவ்வளவு தெளிவாக வராது. என் பதில்: அதே பவுல் 1 கொரிந்தியர் 11:5ல், சபையில் பெண் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ளட்டும் என்கிறார். வாயைத் திறக்கவே கூடாதென்றால் முக்காடு எதற்கு?

அப்புறம் பெபேயாள் என்ற பெண். ரோமர் 16:1ல் கெங்கிரேயா சபைக்கு "ஊழியக்காரி" என்று நம் தமிழ் வேதாகமம் போட்டிருக்கிறது. மூலத்தில் இருக்கிற கிரேக்கச் சொல் தியாகொனொஸ். அதே சொல் 1 தீமோத்தேயு 3ல் ஆண்களுக்கு வந்தால் "உதவிக்காரர்" என்று பதவியாகிவிடுகிறது. பெண்ணுக்கு வரும்போது மட்டும் பாத்திரம் தேய்க்கிற ஊழியக்காரி மாதிரி காதில் விழுகிறது. பவுல் செய்யாததை மொழிபெயர்ப்பு செய்துவிட்டது.

ஆம்பூர் லுத்தரன்:
ரோமர் 13:4 பாருங்கள். வாள் பிடித்த அரசு அதிகாரியையும் பவுல் "தேவஊழியக்காரன்" என்கிறார். அங்கேயும் அதே தியாகொனொஸ்தான். அந்தச் சொல் வந்த இடத்திலெல்லாம் சபைப் பதவி என்று எடுத்தால் தாசில்தாரும் சபை உதவிக்காரர் ஆகிவிடுவார். சரி, பெபேயாளை உதவிக்காரியாகவே வைத்துக்கொள்வோம். சபையை நடத்துகிற கண்காணி அது இல்லையே. கண்காணிக்கு "ஒரே மனைவியையுடைய புருஷன்" என்று எழுதியிருக்கிறது.

காட்பாடி கொயர்:
அப்படிப் பார்த்தால் கல்யாணம் ஆகாத பவுலுக்கும் எங்கள் சபையில் ஆயராக இடம் கிடைக்காது.

பழைய மூப்பர்:
விளையாட்டு வேண்டாம். இந்தப் பேராயம் ஆற்காடு மிஷன் போட்ட அஸ்திபாரம். 1853ல் தொடங்கிய மிஷன். அந்தக் காலத்து ஐயர்மார் (ஆயரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்) மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போய்க் கட்டின சபை. அவர்களுக்குத் தெரியாத வேதமா?

திமிரி டீச்சர்:
அவர்களை அனுப்பிய அமெரிக்க சீர்திருத்தச் சபையே 1979ல் பெண்களுக்கு ஆயர் அபிஷேகத்தைத் திறந்துவிட்டது ஐயா. நம் சிஎஸ்ஐயிலும் கதவு எப்போதோ திறந்தாயிற்று. 2013ல் நந்தியால் பேராயத்துக்கு புஷ்பலலிதா அம்மையார் பேராயராகவே வந்துவிட்டார். இப்போது வரப்போகிற ஆயரையும் அபிஷேகம் பண்ணியாயிற்று, அங்கி போட்டாயிற்று. பெண் ஆயராகலாமா என்று இப்போது கேட்பது, தாலி கட்டின பிறகு ஜாதகம் பார்க்கிற கதை.

பழைய மூப்பர்:
வெள்ளைக்காரன் கொண்டுவந்தபோதும் தலையாட்டினோம், அவன் மாற்றினபோதும் தலையாட்டணுமா?

ராணிப்பேட்டை நர்ஸ்:
இவ்வளவு நேரமாகியும் வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாவை யாரும் இழுக்கவில்லையே என்று பார்த்தேன். நானே இழுக்கிறேன். எங்கள் ராணிப்பேட்டையில் 1870ல் பிறந்தவர். ஒரே இரவில் மூன்று பேர் வந்து தங்கள் மனைவிக்குப் பிரசவம் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஆண் டாக்டரான அப்பாவை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அதற்கப்புறம்தான் அவர் டாக்டருக்குப் படித்தார். 1918ல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆண்களுக்கு 1947ல்தான் அங்கே இடம். வேலூரில் உட்கார்ந்துகொண்டு பெண் தலைமை வேண்டாம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஆம்பூர் லுத்தரன்:
சிஸ்டர், ஐடா ஸ்கடர் டாக்டர். ஆயர் இல்லை. பெண்ணுக்குப் பெண் டாக்டர் வேண்டும் என்கிற கதை அது.

ராணிப்பேட்டை நர்ஸ்:
அதே கதைதான் இதுவும். வார்டில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். கையில் கட்டோடு வருகிற பெண், "படியில விழுந்துட்டேன்" என்பாள். ராத்திரி இரண்டு மணிக்கு டிரிப் மாற்றப் போகும்போது உண்மையைச் சொல்வாள். ஐயரிடம் சொன்னாயா என்று கேட்டால், "ஐயரும் அவரும் ஒண்ணா கமிட்டியில இருக்காங்கக்கா" என்பாள். அவள் யாரிடம் போவாள்?

பழைய மூப்பர்:
அதுக்குத்தானே ஐயரோட மனைவி, ஐயரம்மா இருக்காங்க.

ராணிப்பேட்டை நர்ஸ்:
ஐயரம்மாவுக்குச் சம்பளம் எவ்வளவு ஐயா? ஞாயிறு பள்ளி அவர், பெண்கள் ஐக்கியம் அவர், வருகிற விருந்தாளிக்குக் காபி அவர். ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஆள் வேலை வாங்கிப் பழகிவிட்டோம். பெண் ஆயர் வந்தால் அந்த இரண்டாவது ஆள் கிடைக்காது. கமிட்டியின் கவலை அதுவோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

திமிரி டீச்சர்:
ஐயரம்மா என்றதும் ஞாபகம் வருகிறது. என் தங்கை ஆயர். எந்தப் பேராயம் என்று கேட்காதீர்கள். முதல் கிராமத்தில் சாமான் இறக்கிய அன்றைக்கு ஒரு பெரியவர் வந்தார். "ஐயர் இல்லீங்களா அம்மா?" "நான்தாங்க ஐயர்." "சரிங்கம்மா, ஐயர் வரட்டும்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம். ஸ்கூலில் இருந்து என் மைத்துனர் வந்து இறங்கியதும் எழுந்து கும்பிட்டு, "ஐயரே, பேத்திக்கு ஞானஸ்நானம்" என்றார். மைத்துனர் கணக்கு வாத்தியார்! இன்றைக்கு வரைக்கும் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அந்த ஊருக்குத் தெரியவில்லை.

சிரிப்பு அதோடு சரி. முதல் திருவிருந்தில் அப்பம் வாங்க ஏழு பேர் எழுந்து வரவில்லை. பின் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். ஒரு அம்மா அவளிடம் நேராகவே கேட்டார், அந்த மூன்று நாளில் மேசைக்கு எப்படிப் போவீர்கள் என்று. லேவியராகமம் அப்போது மட்டும் ஞாபகம் வருகிறது. நண்டுக் குழம்பு வைக்கும்போது வருவதில்லை. அதுவும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது.

ஆம்பூர் லுத்தரன்:
தீட்டு பேச்சு தப்பு. அதில் நான் உங்கள் பக்கம். பெரும்பாடுள்ள பெண் தொட்டபோது இயேசு விலகிப்போகவில்லை. வசனத்துக்காக எதிர்ப்பவனையும் தீட்டுக்காக எதிர்ப்பவனையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

திமிரி டீச்சர்:
கட்டவில்லை பிரதர். ஆனால் அந்த ஏழு பேரில் ஒருவரும் தீமோத்தேயு பற்றிப் பேசவில்லை.

பழைய மூப்பர்:
சரி, நானும் மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லறைத் தோட்டம் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம். வெளியூர்ப் பிள்ளைகள் வந்துசேர்ந்து அடக்கம் பண்ண ராத்திரி எட்டு, ஒன்பது ஆகிவிடும். பாதி ஆட்கள் குடித்திருப்பார்கள். அந்தத் தோட்டத்தில் பக்கத்து நிலத்துக்காரன் வேலியை நகர்த்தியதற்கு நான்கு வருடமாக அலைகிறோம். தாலுகா ஆபீஸில் நான் போனால் வாசலில் நிற்கணும். வெள்ளை அங்கியோடு ஐயர் வந்தால் நாற்காலி போடுகிறான். எங்க அப்பா காலத்தில் எங்கள் தெரு ஆட்களில் அந்த ஊருக்குள் செருப்போடு நடந்தது ஐயர் ஒருத்தர்தான். எங்களுக்கு அவர் பிரசங்கத்துக்கு மட்டும் இல்லை. பெண் போனால் அந்த நாற்காலி கிடைக்குமா? சொல்லுங்க.

திமிரி டீச்சர்:
இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை ஐயா. என் தங்கைக்கு ஒரு ஆபீஸில் நாற்காலி போட்டார்கள், இன்னொன்றில் போடவில்லை. ஆனால் இதைத்தான் அந்தத் தாளில் எழுதியிருக்க வேண்டும். "சூழ்நிலை" என்று எழுதிவிட்டுப் பவுலைத் துணைக்கு அழைத்தீர்கள். நாற்காலி போடாதது அந்தக் கிளார்க்கின் குற்றம். மனு அவன்மேல் போகணும்.

காட்பாடி கொயர்:
எட்டு மணி அடக்கத்துக்கு ஆறு பேர் கூட நடந்தால் முடிந்தது. ஆண் ஐயருக்கும் டார்ச் பிடிக்க ஆள் வேண்டித்தானே இருக்கிறது?

குடியாத்தம் பையன்:
ஒரு தகவல். தாளில் இதுவரை 31 கையெழுத்து. அதில் என் அம்மாவும் ஒன்று, நேற்றுத்தான் தெரிந்தது. ஏன்மா என்று கேட்டேன். "பாவம்டா, ஆயர் வீட்டுப் பின்கதவுக்குத் தாழ்ப்பாளே இல்ல. சின்னக் குழந்தை வச்சிருக்காங்களாம். அந்தப் பொண்ணு எப்படித் தூங்கும்?" என்கிறார்.

பழைய மூப்பர்:
தாழ்ப்பாள் ஐந்து வருடமாக இல்லை. போன ஐயர் மரக்கட்டையை முட்டுக்கொடுத்துப் படுத்தார், யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை ஆசாரியை வரச்சொல்லியிருக்கிறேன். பின்பக்க விளக்கும் மாற்றணும். கையெழுத்தை நான் வாபஸ் வாங்கப்போவதில்லை தம்பி, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.