அப்பாவின் யாஷிகாவில் இப்போது ஃபிலிம் போடலாமா?

கோபிக்காரன்: கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கிறேன். அப்பாவின் யாஷிகா ஃபிலிம் கேமரா பீரோவில் கிடக்கிறது, ஷட்டர் வேலை செய்கிறது. ஃபிலிம் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது, கழுவித் தரவும் இங்கே ஆளில்லை. இதில் இறங்கலாமுங்களா?

பீளமேட்டார்: இறங்குங்க, ஆனால் கலர் வேண்டாம். கருப்பு வெள்ளையை வீட்டுக் குளியலறையிலேயே கழுவலாம். இருட்டுப் பை, டேங்க், படத்தை வெளிக்கொண்டு வரும் டெவலப்பர், அதை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர், தெர்மாமீட்டர், அவ்வளவுதான். டி-76 என்ற டெவலப்பருக்கான நேர அட்டவணை பெரும்பாலும் 20 டிகிரிக்குத்தான் இருக்கும். நம்மூர்ச் சித்திரையில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் எங்கே 20-இல் நிற்கப் போகிறது! பாட்டிலை ஐஸ் போட்ட பக்கெட்டில் வையுங்கள். 24-க்கு மேல் போகவிடாதீர்கள்; சூடு கூடினால் கழுவும் நேரம் குறையும். கலருக்கான சி-41 முறைக்கு 38 டிகிரி, அதுவும் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும்.

மலையேறி: ஊட்டியில் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் செய்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸே மூடியாகிவிட்டது. இனி எல்லாம் இறக்குமதிதான், விலை இறங்காது. ஆனால் 2024-இல் பென்டாக்ஸ் 17 என்று புது ஃபிலிம் கேமராவே வந்திருக்கிறது. படம் பாதி அளவில் விழுவதால் 36 பட ரோலில் 72 எடுக்கலாம்.

கோபிக்காரன்: சரிங்க. லென்ஸுக்குள் டார்ச் அடித்தால் நூல் நூலாகத் தெரிகிறதே?

பீளமேட்டார்: பூஞ்சை. முதலில் அதைச் சுத்தம் செய்யக் கொடுங்கள், அப்புறம் ரோல் வாங்கலாம்.