பெற்றோல் பம்ப் மொடியூல்தான் பழுதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். என்னுடைய பழைய பிக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. கால் மணித்தியாலம் விட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகும். போன வெள்ளி 401 நெடுஞ்சாலையில் நடு லேனில் நின்றது, பின் சீட்டில் பிள்ளைகள். அதற்குப் பிறகு எடுக்கவே பயமாக இருக்கிறது.

இதுவரை பார்த்தவை: ஃபியூஸ் சரி. நின்ற நேரத்தில் சாவியைத் திருப்பினால், வழக்கமாக இரண்டு விநாடி கேட்கும் பம்பின் 'ம்ம்ம்' சத்தம் இல்லை. கேஜ் பூட்டிப் பார்த்தேன், பெற்றோல் பிரஷர் பூச்சியம். மொடியூலுக்கு (பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் எலக்ட்ரோனிக் பெட்டி) 12 வோல்ட் வருகிறது, ஏர்த்தும் நல்லது. பம்புக்குப் போகும் வயரில் ஒன்றுமில்லை. பம்புக்கு நேரே பாட்டரி கொடுத்தால் உடனே ஓடுகிறது.

மொடியூல் ஸ்பேர் டயருக்கு மேலே, சேஸியோடு ஒட்டி இருக்கிறது. கழற்றினால் அலுமினியப் பின்பக்கம் வெள்ளை மாவாக உதிர்ந்து, ஒரு மூலையில் ஓட்டையே விழுந்திருக்கிறது. எல்லாம் பனிக்காலத்தில் றோட்டில் போடும் உப்புத் தண்ணீர் செய்த வேலை.

பம்பும் பழையதுதான். அது அளவுக்கு அதிகமாக அம்ப் இழுத்தால் புது மொடியூலும் எரிந்துவிடுமே என்பதுதான் என் பெரிய கவலை. ஓடும்போது எத்தனை அம்ப் வரை பரவாயில்லை? அப்புறம், புதியதைப் பூட்டினால் புரோகிராம் செய்ய வேண்டுமா? சேஸியில் படாமல் வொஷர் வைத்து உயர்த்திப் பூட்டியவர்கள் இருந்தால் ஒரு படம் போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.