காய்ச்சலின் முதல் நாள்

இலங்கை மலையகத்தில் சிறுவர் வைத்தியசாலையொன்றின் ஆய்வுகூடத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயமொன்றில் பிறந்தவள் என்பதால், கொழுந்துக் கறை போகாத விரல்களோடு பரிசோதனை முடிவுக்காக எங்கள் ஜன்னலருகே காத்து நிற்கும் தாய்மாரைக் கண்டால் என் அம்மாவின் நினைவு வரும். அவர்களில் ஒருவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆறு வயதுப் பையனின் குருதி டெங்கு என்.எஸ்.1 பரிசோதனைக்கு வந்தது. படிவத்தில் காய்ச்சல் மூன்றாம் நாள் என்று இருந்தது. என்.எஸ்.1 என்பது டெங்கு வைரஸ் உடலில் பெருகும்போது குருதியில் கலக்கும் ஒரு புரதம். காய்ச்சலின் முதல் நான்கைந்து நாட்களில் அதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதன்பின் உடல் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கத் தொடங்க, அது மெல்ல மெல்ல மறைந்துபோகும். பரிசோதனைப் பட்டியில் மாதிரியை இட்டு இருபது நிமிடம் பார்த்திருந்தேன். பரிசோதனை ஒழுங்காக நடந்ததைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் சிவந்து எழுந்தது. அதன் அருகில் நிழலளவுக்குக்கூட எதுவும் தெரியவில்லை.

முடிவை வாங்க வந்த தாயின் கையில், முந்திய நாள் நகரத்துத் தனியார் ஆய்வுகூடமொன்று கொடுத்த துண்டும் இருந்தது. அதிலும் "இல்லை" என்றே இருந்தது. எத்தனையாம் நாள் குருதி என்று அங்கு எவரும் கேட்டு எழுதியிருக்கவில்லை. "ரெண்டு எடத்துலயும் இல்லன்னு வந்துருச்சு மிஸ், காய்ச்சலும் எறங்கிருச்சு, பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாந்தானே?" என்று கேட்டார். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று அவர் சொன்னதும் எனக்குப் பதற்றமாயிற்று. டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையில்தான் குருதிக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியத் தொடங்கும். ஆபத்தான அந்தக் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும்.

"அக்கா, மொதமொதல்ல ஒடம்பு சுட்டது எப்ப?" என்று கேட்டேன்.

"வியாழக்கெழமை ராவு மிஸ். வெள்ளி, சனி நான் கொழுந்துக்குப் போயிட்டேன், அப்பாயிதான் பனடோல் குடுத்துச்சு. ஞாயித்துக்கெழமைதான் மருந்துக்குக் கொண்டு போனேன்."

காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று வைத்தியசாலை விடுதியில் சிங்களத்தில் கேட்கப்பட்ட கேள்வியை, எப்போது மருந்துக்குக் கொண்டுபோனீர்கள் என்று விளங்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "இரிதா", அதாவது ஞாயிற்றுக்கிழமை, என்று அவர் சொல்லியிருக்கிறார். கேட்ட வைத்தியர் மீதும் பிழையில்லை, சொன்ன தாய் மீதும் பிழையில்லை. ஆனால் மூன்றாம் நாள் என்று வந்த குருதி உண்மையில் ஆறாம் நாளினுடையது. முந்திய வாரம்தான் பையன் கொழும்பில் கடையில் வேலை செய்யும் தகப்பனிடம் போய்வந்திருக்கிறான். குளிரான உயர்ந்த தோட்டங்களில் டெங்கு நுளம்பு குறைவு என்பதால் எங்கள் மக்கள் இந்த நோயை நினைத்தும் பார்ப்பதில்லை. நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவான 2017ஆம் ஆண்டிலும், கொழும்பிலிருந்து திரும்பியவர்களின் குருதியே தோட்டங்களிலிருந்து எங்களிடம் அதிகம் வந்தது.

முழுக் குருதி எண்ணிக்கையை உடனே பார்த்தேன். தனியார் துண்டில் 112,000 ஆக இருந்த, குருதி உறைய உதவும் பிளேட்லட் 58,000க்கு வந்திருந்தது. அதைவிட என்னை அச்சப்படுத்தியது, குருதியின் செறிவைக் காட்டும் பி.சி.வி. ஒரே நாளில் 36இலிருந்து 44க்கு ஏறியிருந்ததுதான்; ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட அந்த ஏற்றம் கசிவின் அடையாளம். விடுதிக்குத் தொலைபேசியில் நாளையும் எண்களையும் சொன்னேன். பொறுப்பு வைத்தியர் ஒரு கேள்வியும் கேட்காமல் பிள்ளையைத் தனிக் கவனிப்புக்கு மாற்றினார். பிற்பகலில், டெங்குவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்புப் பொருள் குருதியில் தெளிவாகவே தெரிந்தது. சனிக்கிழமை பையன் வீடு திரும்பினான்.

நோய் இருந்தும் "இல்லை" என்று வருவது சளி மாதிரியிலும் நேர்வதுண்டு. மூச்சிரைப்போடு வரும் கைக்குழந்தைகளின் மூக்கிலிருந்து உறிஞ்சியெடுத்த சளியில், சுவாசப் பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸைத் தேடும்போது, அது புகுந்த கலங்கள் ஒளிர் நுண்ணோக்கியில் பச்சையாக மின்னும். கலங்களே இல்லாத வெறும் சளி வந்தால் மின்னுவதற்கு எதுவுமிராது. அப்படிப்பட்ட மாதிரிக்கு நான் "இல்லை" என்று எழுதுவதில்லை. "மாதிரி போதாது, மீண்டும் அனுப்பவும்" என்றே எழுதுவேன். குழந்தையை மறுபடி அழவைக்க வேண்டியிருக்கிறதே என்று தாதியர் வருந்துவார்கள். எனக்கும் அது வருத்தந்தான்.

இப்போதெல்லாம் தமிழ்த் தாய்மார் ஜன்னலுக்கு வந்தால் திகதியைக் கேட்பதில்லை. பிள்ளை கடைசியாகப் பள்ளிக்கூடம் போனது என்றைக்கு, முதல் பனடோல் கொடுத்தது யார், அன்று நீங்கள் வேலைக்குப் போனீர்களா என்று கேட்கிறேன். வேலைக்குப் போன நாளையும் நாட்சம்பளத்துக்குப் பேர் போடாத நாளையும் எங்கள் பெண்கள் மறப்பதில்லை.