சிரசு ஊர்வலக் காணொளி: கைப்பேசியில் எந்தத் தரத்தில் ஏற்றுமதி செய்வது?

கேள்வி (குடியாத்தம்)

வணக்கம். வைகாசி முதல் நாளன்று தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து கெங்கையம்மன் சிரசு (அம்மனின் தலை உருவம்) புறப்பட்டு வந்ததைக் கைப்பேசியில் 1080பி, நொடிக்கு 30 பிரேம் (படச்சட்டம்) அமைப்பில் பதிவு செய்து, 8 நிமிடக் காணொளியாகத் தொகுத்திருக்கிறேன். கோயில் வாசல் காட்சிகள் தெளிவாக உள்ளன. ஆனால், கூட்டத்தின் மீது பூக்கள் பொழியும் இடத்தில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. 4கே, 60 பிரேம் என்று தேர்ந்தெடுத்தால் இது சரியாகுமா? யூடியூபில் ஏற்றவும், வெளியூரில் உள்ள உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டும்.

பதில் (காட்பாடி)

சரியாகாது. 1080பி அளவில் எடுத்ததை 4கே ஆக்கினால் புள்ளிகளின் எண்ணிக்கை நான்கு மடங்காகுமே தவிர, கேமரா பதிவு செய்யாத நுணுக்கம் புதிதாக வந்துவிடாது. 60 பிரேமும் அப்படித்தான். பெரும்பாலும் இருக்கும் பிரேம்களே இருமுறை எழுதப்படும். 1080பி, 30 பிரேம் என்றே வைத்துக்கொண்டு, பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிக் காணொளிக்குச் செலவிடும் தரவின் அளவை, உயர்த்துங்கள்.

ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே என்ன மாறியது என்பதைச் சேமித்துத்தான் காணொளி சுருக்கப்படுகிறது. அசையாத கோபுரத்துக்குக் குறைந்த பிட்ரேட்டே போதும். ஒவ்வோர் இதழும் தனித்தனியாக விழும் பூமழையில் திரை முழுவதும் நொடிக்கு நொடி மாறுவதால், அதே பிட்ரேட் போதாமல் கட்டங்கள் தோன்றுகின்றன. 1080பி, 30 பிரேமுக்கு யூடியூப் பரிந்துரைப்பது 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்). யூடியூப் தன் பங்குக்கு மறுபடியும் சுருக்கும் என்பதால், இத்தகைய காட்சிகளுக்கு 12 முதல் 16 வரை வைப்பதே நல்லது என்பது என் கருத்து. 12 வைத்தால் கோப்பு ஏறத்தாழ 720 எம்பி வரும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. என் செயலியில் பிட்ரேட் எண் இல்லை. குறைவு, நடுத்தரம், உயர்வு என்ற மூன்றும், உத்தேசக் கோப்பளவும் மட்டுமே காட்டப்படுகின்றன.

பதில் (காட்பாடி)

அந்த அளவே போதும். ஒரு பைட் என்பது 8 பிட் என்பதால், எம்பியை (மெகாபைட்) 8ஆல் பெருக்கி, காணொளியின் மொத்த நொடிகளால் வகுத்தால் பிட்ரேட் கிடைக்கும். உங்களுடையது 480 நொடி. செயலி 360 எம்பி என்று காட்டினால் அது வெறும் 6 எம்பிபிஎஸ். ‘உயர்வு’ என்பதைத் தேர்ந்தெடுத்தும் அவ்வளவுதான் வருகிறது என்றால், வேறு செயலியில் ஏற்றுமதி செய்வதே வழி.

பதில் (ராணிப்பேட்டை)

வாட்ஸ்அப்பில் வழக்கமான காணொளியாக அனுப்பினால் அது மீண்டும் சுருக்கப்படும். ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்பினால், 2 ஜிபி வரையிலான கோப்பு அப்படியே சென்று சேரும். இணைய வசதி குறைந்த பெரியவர்களுக்கு மட்டும் 720பி, 5 எம்பிபிஎஸ் அளவில் தனிப்படி எடுங்கள். அது ஏறத்தாழ 300 எம்பி வரும். யாரேனும் பென்டிரைவில் ஏற்றிப் பழைய தொலைக்காட்சியில் பார்ப்பார்கள் என்றால், சுருக்கும் முறையில் எச்.265 வேண்டாம், எச்.264 தேர்ந்தெடுங்கள். எச்.265 கோப்பின் அளவைக் குறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் பழைய பெட்டிகள் பலவற்றில் அது ஓடாது.

முழுக் காணொளியையும் ஏற்றுமதி செய்வதற்கு முன், பூமழைப் பகுதியை மட்டும் தனியாக எடுத்துப் பெரிய திரையில் ஓட்டிப் பாருங்கள். கைப்பேசியின் சிறு திரையில் அந்தக் கட்டங்கள் எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை.